ஐந்து பேர், ஒரு விளக்கு: ஓர் அறைக் காட்சியை நகலெடுத்து ஆயில் பெயிண்டிங் கற்பது

நீங்கள் கேட்டது இது. ஒன்றரை வருடமாக ஆயில் பெயிண்டிங் பழகுகிறீர்கள். பழம், பித்தளைச் சொம்பு, இரண்டு மூன்று முகங்கள் வரை வந்துவிட்டீர்கள். அடுத்து, ஓர் அறைக்குள் நாலைந்து பேர் சேர்ந்திருக்கிற பழைய ஓவியம் ஒன்றை நகலெடுத்துக் கற்றுக்கொள்ள ஆசை. எந்தப் படத்தை எடுப்பது, எங்கே தொடங்குவது, முகங்களை ஒவ்வொன்றாக முடித்துக்கொண்டே போகலாமா?

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். அப்படிப் போகவே வேண்டாம். நானும் முதல் தடவை அப்படித்தான் செய்தேன். மூன்று வாரம் உட்கார்ந்து ஐந்து முகங்களையும் தனித்தனியாக முடித்தேன். ஒவ்வொரு முகமும் நன்றாகவே வந்திருந்தது. ஆனால் எட்ட நின்று பார்த்தபோது ஐந்து பாஸ்போர்ட் போட்டோக்களை ஒரு மேஜையைச் சுற்றி ஒட்டியது மாதிரி இருந்தது. ஒருவருக்குக் காலை வெயில், இன்னொருவருக்கு மேகமூட்டம், மூன்றாமவருக்கு ட்யூப்லைட். அவர்கள் ஒரே அறையில் இல்லை. பல பேர் இருக்கும் படத்தில் வரைய வேண்டியது ஆட்களுக்கு நடுவில் இருக்கும் வெளிச்சமும் இருட்டும்தான் என்பது எனக்கு அன்றைக்குத்தான் புரிந்தது. கீழே சொல்லப்போவது எல்லாமே அந்த ஒன்றைச் சுற்றித்தான் வரும்.

படத் தேர்வுக்கு வருகிறேன். வான்கோவின் ‘உருளைக்கிழங்கு உண்பவர்கள்’ படத்தை எடுங்கள். 1885 ஏப்ரல், மே மாதங்களில், நெதர்லாந்தின் தெற்கில் நூனென் என்ற கிராமத்தில் இருந்தபோது வரைந்தது. அளவு 82 × 114 சென்டிமீட்டர். இப்போது ஆம்ஸ்டர்டாமில் வான்கோ அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அவர்களுடைய இணையதளத்திலேயே பெரிய அளவில் படத்தை இறக்கிக்கொள்ளலாம்.

ஏன் இந்தப் படம்? பலர் ஸ்பானிய ஓவியர் வெலாஸ்கெஸின் ‘லாஸ் மெனினாஸ்’ படத்தில் ஆசைப்பட்டுக் கை வைப்பார்கள். அது 318 × 276 சென்டிமீட்டர். தள்ளி நின்று பார்த்தால் பட்டுத் துணி, கிட்டே போனால் நாலு தீற்றல். அந்தத் தீற்றலை இரண்டடிக் கேன்வாஸில் சுருக்கினால் அதன் உயிரே போய்விடும். டெல்ஃப்ட் நகர ஓவியர்களின் அறைகள், அதாவது ஃபெர்மீர், பீட்டர் டெ ஹோக் போன்றவர்களுடையது, அழகோ அழகு. ஆனால் அங்கே தரைக் கட்டங்களின் தூரக்கணக்கு ஒரு நூல் பிசகினாலும் அறையே சாய்ந்துவிடும். அதை இரண்டாவது நகலுக்கு வைத்துக்கொள்ளலாம். வான்கோ படத்தில் ஒரே அறை, ஒரே விளக்கு, ஐந்தே பேர். வண்ணம் கெட்டியாக, தூரிகைத் தடம் தெரிகிற மாதிரி வைக்கப்பட்டிருக்கிறது. மெல்லிய மெருகுப் பூச்சுகளின் ரகசியம் எதுவும் இல்லை. அதைவிட முக்கியம், அந்த மனிதர் இந்தப் படத்தைப் போடும்போது தானும் கற்றுக்கொண்டிருந்தவர். என்ன கலந்தார், எங்கே தவறினார், எதை அழித்துத் திரும்ப வரைந்தார் என்று தம்பி தெயோவுக்குக் கடிதம் கடிதமாக எழுதிவைத்திருக்கிறார். இப்படிக் குறிப்போடு கிடைக்கும் படம் அபூர்வம்.

நகலெடுப்பது திருட்டா என்ற தயக்கம் சிலருக்கு இருக்கும். பாரிஸில் லூவர் 1793-இல் பொதுமக்களுக்குத் திறந்ததிலிருந்தே ஓவியர்கள் அங்கே ஈசலை, அதாவது படம் நிறுத்தி வரையும் தாங்கியை, போட்டு நகலெடுக்கிறார்கள். நகல், மூலத்தின் அளவில் இருக்கக் கூடாது என்பது அங்கே விதி. வான்கோவும் 1889-90-இல் பிரான்ஸில் சேன் ரெமி மனநல விடுதியில் இருந்தபோது பிரெஞ்சு ஓவியர் மில்லேயின் படங்களை மட்டுமே இருபது வரை நகலெடுத்தார். அதுவும் கறுப்பு-வெள்ளை அச்சுகளைப் பார்த்து, வண்ணத்தைத் தானே தீர்மானித்து. இன்னொருவர் அமைத்த இசையை வாசிக்கும் வித்வான் தன் மனோதர்மத்தையும் சேர்ப்பதில்லையா, அது மாதிரி என்று விளக்கமும் எழுதினார். நீங்கள் படத்தின் பின்புறத்தில் ‘வான்கோ படத்தின் நகல்’ என்று எழுதி, உங்கள் பெயரையும் தேதியையும் போடுங்கள். அது போதும்.

இப்போது படத்தை ஒரு கால் மணி நேரம் பாருங்கள். தூரிகை வேண்டாம். தாழ்ந்த கூரை. உத்தரத்திலிருந்து ஒரு விளக்கு தொங்குகிறது. அடியில் மேஜை, மேஜையில் ஆவி பறக்கும் கிழங்குத் தட்டு. இடது ஓரத்தில் நாற்காலியில் ஓர் ஆள், அவர் பக்கத்தில் வெள்ளைத் தொப்பி போட்ட பெண். வலது பக்கம் ஒரு கிழவர் கோப்பையோடு, அவரை அடுத்து ஒரு மூதாட்டி குனிந்து காபி ஊற்றுகிறார். நடுவில் நமக்கு முதுகு காட்டிக்கொண்டு ஒரு சிறுமி. இடது சுவரில் கடிகாரமும் சிலுவைப் படமும். நூனெனில் இருந்த டி க்ரோட் என்ற குடியானவர் வீட்டு மனிதர்கள்தான் இவர்கள். அந்தக் குளிர்காலம் முழுக்க வான்கோ குடியானவர்களின் தலைகளை மட்டும் சுமார் 40 வரைந்து பழகியிருந்தார். பிறகுதான் இந்தப் பெரிய படத்துக்குத் துணிந்தார். தட்டில் நீளும் இந்தக் கைகளால்தான் இவர்கள் மண்ணைக் கிளறினார்கள், இந்தச் சாப்பாட்டை நேர்மையாக உழைத்துச் சம்பாதித்தவர்கள் என்பது தெரிய வேண்டும் என்று தம்பிக்கு எழுதினார்.

இனி விளக்கைப் பாருங்கள். ஒரே விளக்கு ஐந்து பேருக்கும் ஐந்து விதமாக வேலை செய்கிறது. இடது பக்க ஆளுக்கு முகத்தின் முன்பக்கத்தில் ஒளி, முதுகு இருட்டு. பக்கத்துப் பெண்ணுக்கு ஏறக்குறைய நேர் எதிரிலிருந்து. கிழவருக்கும் மூதாட்டிக்கும் இடமிருந்து. குனிந்திருப்பதால் மூதாட்டியின் தொப்பி முகத்தைவிடப் பளிச்சென்று இருக்கிறது. சிறுமிக்கு ஒளி முழுக்க அந்தப் பக்கம்; நமக்குக் கிடைப்பது இருண்ட உருவமும், கிழங்கின் ஆவி அவளைச் சுற்றிப் போடும் ஒரு மங்கலான ஓரமும் மட்டும். ஒரே இடத்திலிருந்து புறப்பட்ட வெளிச்சம் ஐந்து திசைகளில் எப்படி விழுகிறது என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் பாடம் எனக்குத் தெரிந்து இல்லை. ஒரு தாளில் விளக்கை ஒரு புள்ளியாக வைத்து, அங்கிருந்து ஒவ்வொரு தலைக்கும் ஒரு கோடு இழுங்கள். அந்தக் கோடு தொடும் பக்கம் வெளிச்சம், தொடாத பக்கம் நிழல். இந்தத் தாள் கடைசி நாள் வரை உங்கள் ஈசலில் ஒட்டியிருக்கட்டும்.

அப்புறம், படத்தின் கறுப்பு-வெள்ளை ஜெராக்ஸ் ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். போன் திரையில் பார்த்து வண்ணம் கலப்பது இந்தப் படத்துக்குப் பெரிய ஆபத்து. திரை தானாக ஒளிர்வது, வண்ணம் ஒளிராது. திரையில் மினுங்கும் விளக்கைப் பிடிக்கப்போய், குழாய் குழாயாக வெள்ளையைப் பிதுக்கிவிடுவீர்கள்.

வெள்ளை என்றதும் சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது. இந்தப் பதிலில் நீங்கள் ஒரே ஒரு பத்தியை எடுத்துக்கொள்வதானால் அது இதுவாக இருக்கட்டும். படத்தில் தொப்பிகள் வெள்ளையாகத் தெரிகின்றன இல்லையா? தெயோவுக்கு எழுதிய ஒரு கடிதத்தில் வான்கோ சொல்கிறார்: இதில் நான் வெள்ளை என்று வைத்தது வெள்ளையே இல்லை, வெர்மிலியன், பாரிஸ் நீலம், நேப்பிள்ஸ் மஞ்சள் மூன்றையும் கலந்த நடுநிலை நிறம், தனியாகப் பார்த்தால் அது ஓரளவு கருத்த சாம்பல்தான், படத்துக்குள் வெள்ளையாகத் தெரிகிறது. பாரிஸ் நீலம் என்பது நம் கடைகளில் பிரஷ்யன் ப்ளூ என்று கிடைப்பது. இதைப் படித்து நம்பாதீர்கள், செய்து பாருங்கள். நேப்பிள்ஸ் மஞ்சளில் ஒரு கடலை அளவு எடுங்கள். அதில் கொஞ்சம் சிவப்பு, பிரஷ்யன் ப்ளூ ஊசிமுனை அளவு. பிரஷ்யன் ப்ளூ ஓர் இழை கூடினாலும் எல்லாவற்றையும் விழுங்கிவிடும், கவனம். மஞ்சளும் இல்லை, சிவப்பும் இல்லை, நீலமும் இல்லை என்கிற ஒரு சாம்பல் வரும்வரை கலந்துகொண்டே இருங்கள். அதை ஒரு வெள்ளைத் தாளில் தீற்றினால் ஈரமான சிமென்ட் மாதிரி தெரியும். அதே கலவையைக் கரும்பச்சையும் பழுப்பும் பூசிக் காய்ந்த ஒரு அட்டையில் தீற்றுங்கள். துவைத்து உலர்த்திய துணி மாதிரி தெரியும்.

எத்தனை புத்தகம் படித்தாலும் இந்தப் பத்து நிமிடம் கொடுக்கும் அறிவு வராது. ஒரு நிறம் வெளிச்சமாகத் தெரிவதும் தெரியாததும் அதன் பக்கத்தில் என்ன நிறம் இருக்கிறது என்பதைப் பொறுத்ததுதான். அப்படியானால் அறை முழுக்க எவ்வளவு இருட்டு என்று முதலில் தீர்மானிக்காமல், ஒரு முகத்தை எவ்வளவு வெளிச்சமாக வைப்பது என்று எப்படித் தெரியும்? தெரியவே தெரியாது. முகத்தை முதலில் முடிக்காதீர்கள் என்று நான் அடம்பிடிப்பதற்குக் காரணம் இதுதான்.

அறைதான் முதல், ஆட்கள் பிறகு என்பதற்கு டெ ஹோக்கிடம் ஓர் அருமையான சாட்சி உண்டு. லண்டன் நேஷனல் கேலரியில் அவருடைய ஓர் அறைக் காட்சி இருக்கிறது. 1658 வாக்கில் வரைந்தது. ஜன்னலோரம் மேஜையில் இரண்டு ஆண்கள், நின்றபடி மதுக் கோப்பையை உயர்த்தும் ஒரு பெண், வலப்புறம் ஒரு பணிப்பெண். அந்தப் பணிப்பெண்ணின் பாவாடையை உற்றுப் பார்த்தால் தரையின் கறுப்பு-வெள்ளைக் கட்டங்கள் அதன் வழியாகத் தெரிகின்றன. எண்ணெய் வண்ணம் நூற்றாண்டுகள் ஆக ஆகக் கொஞ்சம் ஊடுருவித் தெரியத் தொடங்கும். தரையை முழுசாகப் போட்டு முடித்த பிறகுதான் அவளை அங்கே நிறுத்தியிருக்கிறார் என்பது அதனால் நமக்குத் தெரிகிறது. டெல்ஃப்ட் ஓவியர்களின் படங்கள் பலவற்றில் கோடுகள் எல்லாம் போய்ச் சேரும் புள்ளியில் ஓர் ஊசித் துளை இருக்கிறது. அங்கே ஊசி குத்தி, சுண்ணம் தடவிய நூலைக் கட்டி, நம் ஆசாரிகளும் கொத்தனார்களும் நூல் அடிப்பது மாதிரி அடித்துக் கோடு போட்டிருக்கிறார்கள். இரண்டாவது நகலுக்கு டெ ஹோக்கை எடுக்கும்போது நீங்களும் அப்படியே செய்யலாம்.

சரி, கேன்வாஸ். மூலத்தில் சரிபாதி அளவு 41 × 57 சென்டிமீட்டர். கடையில் கிடைக்கும் 18 × 24 அங்குலக் கேன்வாஸில் சுற்றிலும் இரண்டு சென்டிமீட்டர் போல ஓரம் விட்டால் இது கச்சிதமாக உட்காரும். ஓரத்தில் மாஸ்கிங் டேப் ஒட்டிவிடுங்கள். பாதி அளவு என்பதால் கணக்கும் சுலபம். சின்னச் சின்னக் கட்டம் போட்டு நகலெடுக்கும் வழக்கத்தை இந்தத் தடவை விட்டுவிடச் சொல்கிறேன். கட்டத்துக்குள் கண்ணை வைத்தால் கட்டம்தான் தெரியும், அறை தெரியாது. இரண்டு மூலைவிட்டம், நடுவில் ஒரு நெடுக்குக் கோடு, ஒரு குறுக்குக் கோடு. இவ்வளவு போதும். விளக்கு எங்கே, மேஜை விளிம்பு எங்கே, ஐந்து தலைகளின் உச்சியையும் சேர்த்தால் என்ன வளைவு வருகிறது என்று பெரிய அளவுகளை மட்டும் கரியால் குறியுங்கள். கண், மூக்கு எதுவும் இப்போது வேண்டாம்.

அடுத்தது எனக்கு மிகவும் பிடித்த கட்டம். பர்ன்ட் அம்பர் என்கிற கரும்பழுப்பு வண்ணத்தில் துளி பிரஷ்யன் ப்ளூ சேர்த்து, டர்பன்டைனில் நீர்க்கக் கரைத்து, கேன்வாஸ் முழுவதும் பூசுங்கள். எல்லாம் இருட்டாகிவிடும். ஐந்து நிமிடம் விட்டு, பழைய பருத்தித் துணியை விரலில் சுற்றிக்கொண்டு வெளிச்சத்தைத் துடைத்து எடுங்கள். முதலில் விளக்கு. அப்புறம் கிழங்குத் தட்டு, அதிலிருந்து எழும் ஆவி. தொப்பிகள், கோப்பைகள், விரல் முட்டிகள், நெற்றிகள். இருட்டு வீட்டில் ஒருவர் திரியை ஏற்றியதும் ஒவ்வொரு பொருளாகக் கண்ணுக்குத் தட்டுப்படும் அல்லவா, அந்த வரிசையிலேயே எடுங்கள். ஜெராக்ஸைப் பக்கத்தில் வைத்துக் கண்ணை இடுக்கிப் பாருங்கள். இரண்டும் ஒரே மாதிரி மங்கினால் சரியாக இருக்கிறது. தவறிப்போனால் மறுபடி பூசி மறுபடி துடைக்கலாம். இந்த அடிவண்ணம் ஒரு செலவும் வைக்காது. என் மாணவர்களை இதை மூன்று தடவையாவது அழித்துச் செய்ய வைப்பேன். பர்ன்ட் அம்பர் சீக்கிரம் காயும். ஓரிரண்டு நாளில் மேலே வேலை செய்யலாம்.

இனி வண்ணம். வண்ணம் கலக்கும் பலகையான பேலட்டில் அதிகம் வேண்டாம். நேப்பிள்ஸ் மஞ்சள், யெல்லோ ஓக்கர் என்கிற மண் மஞ்சள், இந்தியன் ரெட் மாதிரி ஒரு மண் சிவப்பு, வெர்மிலியன் சாயலில் ஒரு பிரகாசச் சிவப்பு, பிரஷ்யன் ப்ளூ, பர்ன்ட் அம்பர். வெள்ளைக் குழாயை மேஜை டிராயரில் போட்டுப் பூட்டிவிடுங்கள். கறுப்பும் வேண்டாம். பிரஷ்யன் ப்ளூவும் அம்பரும் சேர்ந்தால் வரும் கருமை, குழாய்க் கறுப்பைவிட ஆழமாக இருக்கும். சிவப்புப் பக்கமோ பச்சைப் பக்கமோ அதைச் சாய்க்கவும் முடியும். பன்றிமுடித் தூரிகை, தட்டையானது, இரண்டு மூன்று அளவில். மென்மையான சிறு தூரிகை ஒன்று மட்டும், கடைசி நாளுக்கு.

முதல் இரண்டு அமர்வும் சுவர், கூரை, மேஜை அடி இருட்டு, உடைகள். அதாவது படத்தில் முக்கால் பங்கு. சலிப்பாக இருக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் இங்கேதான் படம் ஜெயிக்கிறது அல்லது தோற்கிறது. அந்தச் சுவர் வெறும் பழுப்பு இல்லை. உற்றுப் பார்த்தால் பச்சை, நீலம், மண்சிவப்பு எல்லாம் ஒன்றை ஒன்று அடக்கிக்கொண்டு கிடக்கின்றன. சிவப்பில் கொஞ்சம் பச்சை, நீலத்தில் கொஞ்சம் ஆரஞ்சு என்று எதிர் நிறத்தைக் கலந்து நிறத்தின் வாயை அடைப்பது வான்கோவின் முறை. உடைகளின் நிழலும் சுவரின் நிழலும் சந்திக்கும் இடத்தில் விளிம்பைத் தேடிப் பிடித்து வரையாதீர்கள். இரண்டும் ஈரமாக இருக்கும்போதே ஒன்றோடு ஒன்று கரையட்டும். சிறுமியின் முதுகு மேஜை இருட்டோடு எங்கே கலக்கிறது என்று உங்களுக்கே தெரியாமல் போனால் நல்லது. விளக்குக்குக் கிட்டே போகப் போக விளிம்பு கூர்மையாகட்டும்.

மூன்றாவது அமர்வில்தான் முகங்கள். அதிலும் ஒரு கட்டுப்பாடு உண்டு. ஒரு கலவையை எடுத்தால் ஐந்து பேருக்கும் வைத்துவிட்டுத்தான் அடுத்த கலவை. நிழல் பக்கத்து நிறத்தைக் கலந்தீர்களா, ஐந்து பேரின் நிழலிலும் வையுங்கள். இடைநிறம் கலந்தீர்களா, அதையும் ஐந்து பேருக்கும். பந்தியில் ஒருவருக்கே சாதம், சாம்பார், பாயசம் எல்லாம் போட்டு முடித்துவிட்டு அடுத்த இலைக்குப் போகிறோமா? ஒவ்வொரு பதார்த்தமும் வரிசை முழுக்கப் போகும். அதே முறைதான். இப்படிச் செய்தால் ஒருவர் மட்டும் முந்திக்கொண்டு வெளிச்சமாவது நடக்காது. ஐந்து பேரும் சேர்ந்தே இருட்டிலிருந்து மேலெழுந்து வருவார்கள்.

முகத்தின் நிறத்தில் வான்கோவே ஒரு தடவை சறுக்கினார். யெல்லோ ஓக்கர், சிவப்பு ஓக்கர், வெள்ளை என்று வழக்கமான தோல் நிறத்தில்தான் முதலில் தலைகளை முடித்திருந்தார். ரொம்ப வெளுப்பாகிவிட்டது. முடித்த தலைகளைத் தயவுதாட்சண்யமே பார்க்காமல் மறுபடி வரைந்தார். இப்போது இருக்கும் நிறம், தோல் உரிக்காத, மண் படிந்த உருளைக்கிழங்கின் நிறம் மாதிரி என்று எழுதுகிறார். ஆகவே அடுப்பங்கரைக் கூடையிலிருந்து மண்ணோடு ஒரு கிழங்கை எடுத்து வந்து ஈசலில் வையுங்கள். உண்மையாகத்தான் சொல்கிறேன். மாலையில் மஞ்சள் பல்பு ஒன்றின் கீழ் அதைப் பாருங்கள். வெளிச்சம் படும் பக்கம் பச்சை கலந்த ஓக்கர், திரும்பும் இடத்தில் சாம்பல், அடியில் செம்பழுப்பு. உங்கள் பேலட்டில் அந்த மூன்றும் கிடைத்துவிட்டால் எல்லா முகங்களுக்கும் வேண்டியது கிடைத்துவிட்டது.

கைகளுக்கு ஒரு முழு அமர்வு ஒதுக்குங்கள். இந்தப் படத்தின் நடுவே நடப்பது எல்லாம் கைகளில்தான் நடக்கிறது. முகங்கள் ஒன்றையொன்று அவ்வளவாகச் சந்திப்பதில்லை. தட்டை நோக்கியும் கோப்பையை நோக்கியும் போகும் கைகள்தான் இவர்களை ஒரு குடும்பமாகக் கட்டுகின்றன. முட்டிகள் புடைத்து, விரல்கள் திருகி இருக்கும். உங்கள் கை தானாகவே அவற்றை அழகுபடுத்தப் பார்க்கும். விடாதீர்கள். விரல் விரலாக வரையாமல், முட்டி வரை ஒரு பாளம், முட்டிக்கு மேல் ஒரு பாளம் என்று ஒளி படும் பரப்புகளாக வையுங்கள். உங்கள் கையையே விளக்கின் கீழ் முள்கரண்டி பிடித்தபடி வைத்து, எந்தப் பரப்பு ஏன் இருட்டாகிறது என்று சரிபாருங்கள்.

இங்கே நீங்கள் ஒரு கேள்வி கேட்பீர்கள். படத்தில் உடல் அளவுகள் பிசகாக இருக்கின்றனவே, திருத்தட்டுமா? அன்றைக்கே இந்தச் சண்டை நடந்தது. வான்கோ இந்தக் காட்சியைக் கல்லச்சாகவும் (லித்தோகிராஃப்) போட்டார். அச்சில் இடம் வலம் மாறிவிடும் என்பதால் அதில் காட்சி கண்ணாடியில் பார்ப்பது போல எதிர்த் திசையில் இருக்கும். அந்த அச்சு ஒன்றை நண்பர் அந்தோன் வான் ரப்பார்டுக்கு அனுப்பினார். ரப்பார்ட் கடுமையாகப் பதில் எழுதினார். பின்னால் இருக்கும் பெண்ணின் கை இயல்பாக இல்லை, ஓர் ஆளுக்கு முழங்காலும் வயிறும் நுரையீரலும் இருப்பதாகவே தெரியவில்லை என்றெல்லாம். நட்பே அதில் முறிந்தது. அவர் சொன்னதில் உடற்கூறு சார்ந்த உண்மை இருக்கிறது; எனக்கும் அந்த வலது பக்க உடல்கள் மேஜைக்குப் பின்னால் எங்கே உட்காருகின்றன என்று முழுசாகப் புரிந்ததில்லை. ஆனாலும் நகலில் திருத்தாதீர்கள். திருத்த ஆரம்பித்தால் நீங்கள் ஏற்கெனவே அறிந்ததைத்தான் வரைவீர்கள். அந்தப் பெரிய முட்டிகளும் தாழ்ந்த தோள்களும் வளைந்த முதுகுகளும் சேர்ந்துதான் கூரையைத் தாழ்த்துகின்றன என்பது, அப்படியே வரைந்து பார்த்தவருக்குத்தான் கை வழியாகத் தெரியும். திருத்த வேண்டும் என்று தோன்றிய இடங்களைத் தனித் தாளில் குறித்துவையுங்கள். உங்கள் சொந்தப் படத்துக்கு உதவும்.

கடைசியில் விளக்கின் சுடர், ஆவி, கோப்பை விளிம்புகள். சுடருக்கு மட்டும் டிராயரைத் திறந்து துளி வெள்ளை எடுத்துக்கொள்ளலாம். நேப்பிள்ஸ் மஞ்சளே போதும் என்று பெரும்பாலும் தெரியவரும். ஆவியை, ஓரளவு உலர்ந்த பரப்பின் மேல் ஏறக்குறைய காய்ந்த தூரிகையால், அந்தச் சாம்பல் ‘வெள்ளை’யைத் தேய்த்துக் கொண்டுவாருங்கள்.

உலர்வதைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். ஆளிவிதை எண்ணெய் தண்ணீர் மாதிரி ஆவியாகிக் காய்வதில்லை. காற்றின் ஆக்ஸிஜனை இழுத்து இறுகுகிறது. அதனால் அடியில் எண்ணெய் குறைவாகவும் மேலே போகப் போக எண்ணெய் கூடுதலாகவும் இருக்க வேண்டும். மாறினால் மேல் படலம் முதலில் இறுகி, அடிப்படலம் பிறகு அசைந்து, வெடிப்பு விழும். ஐப்பசி கார்த்திகை மழையில் ஈரக்காற்றால் இன்னும் தாமதமாகும். படத்தை நல்ல வெளிச்சமும் காற்றோட்டமும் உள்ள அறையில் சுவரோரம் சாய்த்துவையுங்கள். பீரோவுக்குப் பின்னால் இருட்டில் வைத்தால் எண்ணெய் மஞ்சளடிக்கும். எண்ணெய் துடைத்த துணிகளைக் கசக்கிக் குவித்து வைக்காதீர்கள். இறுகும்போது வெளிவரும் சூட்டில் அவை தானாகத் தீப்பிடிக்கக் கூடும். தண்ணீரில் நனைத்து, விரித்து உலர்த்தி, பிறகு போடுங்கள். டர்பன்டைன் திறந்திருக்கும்போது ஜன்னலும் திறந்திருக்கட்டும்.

உலர உலர இருண்ட பகுதிகள் வெளிறி மங்கிப்போவதைப் பார்த்துப் பயப்படாதீர்கள். அடிப்படலம் எண்ணெயை உறிஞ்சிக்கொண்டதால் வருவது. வான்கோவுக்கும் இதே தொல்லை. முட்டை வெள்ளைக்கருவைப் பூசித்தான் நிறத்தைத் திரும்பக் கொண்டுவந்தார். நீங்கள் கொஞ்சம் ஆளிவிதை எண்ணெயில் அதே அளவு டர்பன்டைன் கலந்து, தொட்டால் ஒட்டாத அளவு காய்ந்த பரப்பில் மிக மெல்லிசாகத் தடவி, உடனே துணியால் ஒற்றி எடுத்துவிடுங்கள். கருமை மீண்டும் ஆழமாகும். அதன் பிறகுதான் எது கூடுதல், எது குறைவு என்று தீர்மானிக்க வேண்டும். மங்கிய நிலையில் பார்த்து அவசரப்பட்டு மேலே இருட்டை ஏற்றிப் படத்தைக் கெடுத்தவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

எங்கே நிறுத்துவது? வான்கோ தன் கையைத் தானே நம்பவில்லை. ஈரம் காயாத படத்தைப் பெரிய தூரிகையோடு நெருங்கினால் கெடுத்துவிடுவோம் என்று, அதை ஐந்தோவன் நகரத்தில் ஒரு நண்பர் வீட்டில் கொண்டுபோய் வைத்தார், நான் இதைக் கெடுத்துவிடாமல் பார்த்துக்கொள் என்று சொல்லி. பிறகு சிறு தூரிகையோடு அங்கே போய்க் கடைசித் திருத்தங்களைச் செய்தார். ஆறேழு அமர்வு முடிந்ததும் நீங்களும் படத்தை உங்கள் அக்கா வீட்டிலோ நண்பர் வீட்டிலோ பத்து நாள் விட்டுவிடுங்கள். பத்து நாள் கழித்துப் போய்ப் பார்க்கும்போது முதல் அரை நிமிடத்தில் கண்ணில் குத்துவது எதுவோ அதை மட்டும் சரிசெய்யுங்கள். பெரும்பாலும் அது ஏதோ ஒரு தொப்பி அளவுக்கு மீறி வெளிச்சமாக இருப்பதாகத்தான் இருக்கும்.

மாட்டும் இடத்தையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் வெள்ளைச் சுவரில் மாட்டிவிட்டுப் படம் கறுப்பாகிவிட்டது என்று பலர் மனம் உடைந்துபோகிறார்கள். அந்தச் சாம்பல் ‘வெள்ளை’ வெள்ளையாகத் தெரிவது படத்துக்குள்தான். பக்கத்திலேயே நிஜமான சுண்ணாம்பு வெள்ளை இருந்தால் அது தோற்றுப்போகும். வான்கோ இதற்கும் எழுதிவைத்தார்: தங்கச் சட்டத்தில் இது நன்றாக இருக்கும், இல்லாவிட்டால் முற்றிய கோதுமையின் நிறத்தில் தாள் ஒட்டிய சுவரில் மாட்டலாம், அப்படி ஏதாவது இல்லாமல் இதைப் பார்க்கவே கூடாது என்று. நிழல்களில் அவர் வைத்த நீலம் பக்கத்தில் அந்தப் பொன்நிறம் இருந்தால்தான் எழுந்து வரும். நீங்கள் சட்டத்துக்குச் செலவு செய்ய வேண்டாம். கோதுமை நிறத்தில் ஒரு பெரிய சார்ட் அட்டை வாங்கி, வேலை செய்யும் நாட்களிலிருந்தே ஈசலுக்குப் பின்னால் நிறுத்திவையுங்கள். சாயங்காலம் குழல் விளக்கை அணைத்துவிட்டு, ஒரு மஞ்சள் பல்பை மட்டும் போட்டு, பத்தடி தள்ளி உட்கார்ந்து பாருங்கள். ஐந்து பேரும் ஒரே மேஜையில் உட்கார்ந்திருக்கிறார்களா என்று அங்கிருந்துதான் தெரியும்.